அடுப்பில்லாத ரூம்

ரத்தமில்லீங்ணா. சாக்லேட்டுங்க. காஞ்சு போச்சுன்னா அப்படித்தான் தெரியும். நீங்க ஏறுனதுல இருந்து என் சட்டைக் கையையே பாத்துட்டு வர்றீங்க, அதான் நானே சொல்லிடறேன். நல்லா சாஞ்சு உக்காருங்க. கரூர் வரைக்குமா? நானும் அங்கதான்.

என் புள்ளைங்களோட சேந்து சாக்லேட் உருண்டை புடிச்சுட்டு வர்றேனுங்க. சிரிக்காதீங்க. இந்த மீசைய வெச்சுக்கிட்டு பிஸ்கட்டு நொறுக்கி உருண்டை புடிக்கறதுன்னா எனக்கே சிரிப்பாத்தான் இருந்துச்சு மொதல்ல. ஆனா அந்த உருண்டையால நான் பட்ட பாடு இருக்கே, அதை யார்கிட்டயும் சொன்னதில்லீங்க. கம்பெனியில சொல்ல முடியுமா? எனக்குக் கீழ வேலை பாக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாளுங்க.

என் பேரு சிவநேசனுங்க. கரூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல செக்கிங் சூப்பர்வைசர். டவலு, பெட்ஷீட்டு, ஜன்னல் துணி, எல்லாம் என் டேபிளத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகணும். ஒரு இழை இழுத்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பெருமைக்குச் சொல்லல. தொழில் அப்படி. ஒரு பீஸ் கெட்டுதுன்னா மொத்தச் சரக்கும் திரும்பி வந்துரும் பாருங்க. அதனால எதைப் பாத்தாலும் கண்ணு மொதல்ல குறையத்தான் தேடும். வீட்டுலயும் அப்படித்தான் இருந்தேன். அது ஒரு குத்தமுங்களா?

என் சம்சாரம் கோகிலாவுக்கு அது குத்தமாப் போச்சு. புள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு ஈரோட்டுல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. கேஸ் நடக்குது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை புள்ளைங்க அப்பன்கிட்ட இருக்கலாம்னு கோர்ட்டுல சொன்னாங்க. காலைல மச்சான் தினகரன் கூட்டிட்டு வந்து விடுவான். சாயங்காலம் கூட்டிட்டுப் போவான். நடுவுல ஊரைச் சுத்திட்டு வரலாம், கோயிலுக்குப் போகலாம். போக மாட்டானுங்க. எதிர்த்த டீக்கடை பெஞ்சுல உக்காந்து என் மாடிப்படியவே பாத்துட்டிருப்பான். பெத்த புள்ளைங்களை நான் என்ன முழுங்கிடவா போறேன்?

கோகிலா போனதும் பழைய வீட்டைக் காலி பண்ணிட்டேன். அவ்வளவு பெரிய வீடு ஒத்தை ஆளுக்கு எதுக்கு? ஒரு மாடி ரூம் புடிச்சேன். கீழ ஹவுஸ் ஓனரம்மா, ரஞ்சிதம்னு பேரு. புருசன் இல்ல, மக கல்யாணமாகி மைசூர்ல. "தனி ஆம்பளைக்குக் குடுக்கறேன், மாடியில அடுப்பு மட்டும் பத்த வைக்கக்கூடாது"ன்னு கறாராச் சொல்லித்தான் சாவியக் குடுத்தாங்க. சரின்னுட்டேன். தண்ணி சுட வைக்க ஒரு கெட்டில், அவ்வளவுதான். சாப்பாடு மெஸ்ல.

மொத ஞாயித்துக்கிழமை புள்ளைங்க வந்தாங்க. பெரியவ சஹானா, நான் பாப்பாம்பேன், ஆறாவது படிக்கறா. சின்னவன் மித்ரன், ஒண்ணாவது. உள்ள வந்தவ செருப்பக் கூடக் கழட்டல. ரூம சுத்திப் பாத்தா. பாத்ரூம் கதவத் தொறந்து பாத்தா. அலமாரிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா. அப்புறம் கேட்டா, "இங்க அடுப்பே இல்லீங்களாப்பா?"

"இல்ல கண்ணு"ன்னேன்.

"கேஸும் இல்லீங்களா?"

"ஒண்ணுமில்ல."

அப்புறந்தான் செருப்பக் கழட்டிட்டு வந்து கட்டில்ல உக்காந்தா. தம்பியையும் பக்கத்துல இழுத்து உக்கார வெச்சுக்கிட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மாமன் வீட்டுல எல்லா வசதியும் இருக்கு, அப்பன்கிட்ட ஒரு அடுப்புக்குக் கூட வக்கில்லன்னு புள்ளை நினைக்குதேன்னு மனசு நொந்து போச்சுங்க. சின்ன வயசுலயே இப்படிக் குத்திக் காட்டப் பழக்கி விட்டிருக்காங்களேன்னு அவ அம்மா மேல கோவங் கோவமா வந்துச்சு.

அன்னிக்கு முழுக்க ரெண்டும் கட்டில் ஓரத்துல அப்படியே உக்காந்திருந்துச்சுங்க. டி.வி. போட்டேன். பாத்தாங்க. பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தேன். தின்னாங்க. நான் எந்திரிச்சா பாப்பாவும் எந்திரிச்சுக்குவா, நான் உக்காந்தா உக்காந்துக்குவா. மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. அது நான் வளத்த வளர்ப்பு.

அதுக்கடுத்த வாட்டி சின்னவன்தான் வாயத் தொறந்தான். "அப்பா, எங்க ஸ்கூல்ல அடுப்பில்லா சமையல் போட்டி வெச்சாங்க. அக்கா சாக்லேட் உருண்டை செஞ்சா. அடுப்பே வேண்டாம்பா!"

அடேன்னு எனக்குச் சந்தோஷம் தாங்கல. ஓடிப் போய் மாரி பிஸ்கட்டு, கோகோ பவுடர், வெண்ணெய், டின்ல வர்ற கெட்டிப் பாலு, தேங்காய்த் தூளு, எல்லாம் வாங்கிட்டு வந்தேன். பிஸ்கட்ட ஒரு கவர்ல போட்டுக் குடுத்தா மித்ரன் அது மேல ரஞ்சிதம்மா குடுத்த சப்பாத்திக் கட்டைய உருட்டறான், கவர் கிழிஞ்சு தூள் பறக்குது, அவன் தும்மறான், பாப்பா சிரிக்கறா. கெட்டில் தண்ணிய ஒரு கிண்ணத்துல ஊத்தி, அதுக்குள்ள வெண்ணெய் டம்ளர வெச்சா தானா உருகிரும். தண்ணி ஊத்தறப்ப மட்டும் பாப்பா தம்பியக் கூட்டிக்கிட்டுக் கதவுகிட்ட போய் நின்னுக்குவா. கிண்ணத்துல ஆவி அடங்குன பொறவுதான் கிட்ட வருவா. ஜாக்கிரதையான புள்ளை.

எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பிசைஞ்சு, கையில வெண்ணெய் தடவி உருண்டை புடிச்சு, தேங்காய்த் தூள்ல பொரட்டித் தட்டுல வெச்சோம். ரஞ்சிதம்மா அவங்க ஃப்ரிட்ஜுல வெச்சுக் குடுத்தாங்க. சாயங்காலம் எடுத்தா, அண்ணா, கடையில வாங்கற மாதிரி! மித்ரன் மூஞ்சியெல்லாம் சாக்லேட்டு. என் மடியில வந்து உக்காந்தானுங்க. அவனா வந்து உக்காந்தான். ரெண்டு வருசத்துல அன்னிக்குத்தான். நான் அசையாம உக்காந்திருந்தேன். அசைஞ்சா எந்திரிச்சுப் போயிடுவானோன்னு.

அதுல இருந்து எங்களுக்கு அதுதான் வேலை. ஒரு வாட்டி உள்ள முந்திரி வெச்சோம், ஒரு வாட்டி பேரீச்சம்பழம். ஒரு காரியத்தை எடுத்தா ஒழுங்கா செய்யணுமில்லீங்களா? அதைத்தான் நான் சொல்லிக் குடுத்தேன். எல்லா உருண்டையும் ஒரே சைஸ்ல இருக்கணும். வெடிப்பு இருக்கக் கூடாது. கை ரேகை தெரியக் கூடாது. பாப்பா கப்புன்னு புடிச்சுக்கிட்டா. அவ உருட்டறது அச்சுல போட்ட மாதிரி இருக்கும். ஆனா உருட்டறப்ப இப்பல்லாம் சிரிக்கறதில்ல. கவனமுங்க, கவனம்.

சின்னவன் உருட்டறதுதான் ஒண்ணு எலுமிச்சங்காய் சைஸ், ஒண்ணு நெல்லிக்காய். நான் தமாசுக்கு, கம்பெனியில சொல்ற மாதிரியே, "இது ரிஜெக்ட்"ம்பேன். தனியா எடுத்து வெச்சுருவேன். மறுபடி கிண்ணத்துல போட்டு, மறுபடி உருட்டுன்னு சொல்லுவேன். தமாசுதானுங்க. பாப்பா என்ன பண்ணுவா தெரியுங்களா, நான் அந்தப் பக்கம் திரும்புனா அவ உருண்டையத் தம்பி தட்டுல வெச்சுட்டு, அவனோடத எடுத்து வாயில போட்டுக்குவா. நான் பாத்துட்டேன். ஏமாத்து வேலை. அதையும் கண்டிச்சேன். எல்லாஞ் சின்ன வயசுலயே திருத்தணும்.

ஒருநாள் மித்ரன் கிண்ணத்துல விரல விட்டு வழிச்சு வழிச்சு நக்கிட்டிருந்தான். எச்சிக் கை. ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை கரண்டியால கையத் தட்டி விட்டேன். அடிக்கல. தட்டித்தான் விட்டேன். சத்தங் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன், அது என் தொண்டை. மெஷின் சத்தத்துல கத்திக் கத்தியே பேசறதால அப்படி ஆயிருச்சு. அவ்வளவுக்கே பையன் அழுகக் கூட இல்ல. அப்படியே நின்னான். பாத்தா கீழ தரையெல்லாம் தண்ணி.

பாப்பா சட்டுனு, "நான்தாம்பா தண்ணியக் கொட்டிட்டேன்"னா. சொல்லிட்டு அவ ஷாலையே எடுத்துத் தரையத் தொடச்சா. தம்பிய பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் டவுசர அலசிப் பையில இருந்து வேற ஒண்ணு எடுத்து மாட்டி விட்டா. மாத்து டவுசர் எப்பவும் அவ பையில இருக்குமாம். தண்ணி பாட்டில் டேபிள் மேல மூடியத் தொறக்காமயே நின்னுட்டு இருந்துச்சு. எப்படித்தான் கொட்டுச்சோ. "இவ்வளவு கவனமில்லாம இருந்தா எப்படி சாமி"ன்னு பாப்பாவத்தான் கடிஞ்சுக்கிட்டேன். "சாரிங்கப்பா"ன்னா. பாருங்க, அம்மா மாதிரி எதுத்துப் பேச மாட்டா.

இதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது வேற.

எத்தனை நாளைக்குத்தான் புள்ளைங்களுக்கு பிஸ்கட்டையே உருட்டிக் குடுக்கறது? எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. மொத நாள் பாப்பா கேட்டா பாருங்க, அடுப்பே இல்லீங்களான்னு, அது நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுட்டே இருந்துச்சு. ரஞ்சிதம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி, நெருப்பே வராத அடுப்பும்மான்னு சொல்லி, ஒரு கரண்ட் அடுப்பு வாங்கிட்டேன். தோசைக்கல்லு, வாணலி, எல்லாம் புதுசு. சாக்லேட்டக் காச்சி ஊத்தி பர்பி மாதிரி வெட்டிக் குடுக்கலாம்னு திட்டம். ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லீங்க, ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு. அடுப்ப டேபிள் மேல வெச்சு மேல ஒரு டவல் போட்டு மூடி வெச்சேன்.

வந்தாங்க. "கண்ண மூடுங்க ரெண்டு பேரும்"னேன். டவல எடுத்தேன். "தொறங்க. அப்பன் அடுப்பு வாங்கிட்டேன் பாரு!"

பாப்பா பாத்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "எதுக்குங்கப்பா?"ன்னா.

"உனக்குத்தான் சாமி. நீதானே கேட்ட."

"நான் கேக்கலீங்கப்பா."

வெக்கப்படறான்னு நினைச்சேன். அடுப்ப ஆன் பண்ணி வாணலிய வெச்சு வெண்ணெயப் போட்டேன். சடசடன்னு பொரிஞ்சுது. மித்ரன் அக்கா முதுகுக்குப் பின்னாடி போயிட்டான். "வேண்டாங்கப்பா, நாங்க உருண்டையே புடிக்கறோம்"ங்கறா. "ஒண்ணும் ஆகாது, வா, வந்து கிண்டு"ன்னு அவ மணிக்கட்டப் புடிச்சேன். புடிக்கத்தாங்க செஞ்சேன். அந்தப் புள்ளை போட்ட சத்தம் இருக்கே! தெருவே திரும்பிப் பாத்திருக்கும். கைய உதறிக்கிட்டு, தம்பியத் தூக்கிக்கிட்டு, அத்தனை பெரிய பையனத் தூக்கிக்கிட்டுப் படியில எறங்கி ஓடறா. நான் பின்னாடியே ஓடறேன், "ஏன் சாமி, என்னாச்சு"ன்னு. ரஞ்சிதம்மா கதவத் தொறந்து ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு, என்னைப் பாத்துட்டு, கதவச் சாத்தித் தாப்பாள் போட்டுட்டாங்க.

கதவத் தட்டறேன். "என் புள்ளைங்கம்மா"ங்கறேன். ஜன்னல் வழியாச் சொல்றாங்க, "தெரியுதுங்க தம்பி. நீங்க மேல போங்க. மாமன் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்." நேத்து வரைக்கும் ஃப்ரிட்ஜுல எடம் குடுத்த பொம்பளை! அதுக்குள்ள டீக்கடையில இருந்து தினகரனும் வந்துட்டான். அவன் சண்டைக்குக் கூட வரல. எனக்கும் கதவுக்கும் நடுவுல வந்து நின்னுக்கிட்டான், அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்பச் சந்தேகம் வரும், ஒரு கரண்ட் அடுப்புக்கா இந்த ஆர்ப்பாட்டம்னு. சொல்றேன். பழைய வீட்டுல ஒருநாள் ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. குழம்புல உப்பு தூக்கலா இருந்துச்சு. சமையக்கட்டுக்குப் போய்க் கேட்டேன். கோகிலா எதுத்துப் பேசுனா. கையப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்குனேன். அடுப்புல மிச்சக் குழம்பு கொதிச்சுட்டு இருந்துச்சு, கரண்டி அவ கையில, சட்டியோட சாஞ்சு அவ மேலயே கொட்டிக்கிச்சு. முழங்கையில இருந்து விரல் வரைக்கும் வெந்து போச்சு. நான் ஊத்தலீங்க. அது தானாச் சாஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனதே நான்தான். அதை யாராச்சும் சொல்றாங்களா? கோர்ட்டுல அந்தக் கையத்தான் காட்டுனா. ஆட்டோவச் சொல்லல.

பாப்பா அப்ப வாசப்படிக்கிட்ட நின்னுட்டிருந்தா. சின்னப் புள்ளை, என்ன புரிஞ்சிருக்கும்னு நான் நினைச்சேன்.

அந்தக் கரண்ட் அடுப்பு விவகாரம் கோர்ட்டுக்குப் போயிருச்சு. இனிமே ரூமுக்கு அனுப்ப முடியாது, ஈரோட்டுல கோர்ட்டு ரூமுலயே பாத்துக்குங்கன்னுட்டாங்க. சுவத்துல கரடி, முயல் எல்லாம் வரைஞ்சு, பொம்மை போட்டு வெச்சிருக்காங்க. கூடவே கவுன்சிலிங் மேடம் ஒருத்தங்க நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. பெத்த புள்ளையக் கொஞ்சறதுக்கு ஒரு சூப்பர்வைசர்! என்னையவே செக்கிங்ல உக்கார வெச்சுட்டாங்க பாருங்க.

இன்னிக்கு அங்க போயிட்டுத்தான் வர்றேன். மேடம்கிட்ட முன்னாடியே அனுமதி கேட்டு பிஸ்கட்டு, கோகோ எல்லாம் கொண்டு போயிருந்தேன். வெண்ணெய வெயில்ல வெச்சே இளக்கிட்டேன். பசங்க உக்காந்தாங்க. உருட்டுனோம். மித்ரன் கை வழுக்கி இந்தச் சட்டைக் கையில அப்பிட்டான். வெள்ளைச் சட்டைங்க. அப்பிட்டு அப்படியே கல்லு மாதிரி ஆயிட்டான். என் மூஞ்சியப் பாக்கல, மேடம் மூஞ்சியப் பாத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. "பரவால்ல சாமி"ன்னு சிரிச்சேன். மேடம் அதை நல்லாப் பாத்தாங்க. நான் எவ்வளவு மாறிட்டேன்னு அவங்களுக்குத் தெரியட்டும்.

நல்லாத்தாங்க போயிட்டிருந்துச்சு. பாப்பா உருட்டிக்கிட்டே, தலையத் தூக்காம, ரொம்ப மெதுவாக் கேட்டா.

"அப்பா. அம்மா மேல குழம்பு கொட்டுனப்ப நீங்க ஏன் தண்ணி எடுத்துட்டு வரல?"

எனக்குக் கை நின்னு போச்சு. மேடத்தைப் பாத்தேன். அவங்களும் என்னையத்தான் பாத்தாங்க. பதில் சொல்லித்தானே ஆகணும்? சொன்னேன், "சமையக்கட்டு அம்மா எடங் கண்ணு. அங்க எது எங்க இருக்குன்னு அப்பனுக்கென்ன தெரியும்?"

"குழாய் உங்களுக்குப் பின்னாடிதான் இருந்துச்சுங்கப்பா."

நான் கிண்ணத்துல மிச்சமிருந்தத வழிச்சேன்.

"நான் சொம்பு எடுத்துட்டு வந்தேன். நகருங்கப்பான்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீங்க நகரல."

அவ்வளவுதான் சொன்னா. அழுகல, கத்தல. கையில இருந்த உருண்டையத் தேங்காய்த் தூள்ல பொரட்டித் தட்டுல வெச்சா. அதுல ஒரு வெடிப்பு இல்ல. அப்புறம் எந்திரிச்சு, தம்பியக் கூட்டிக்கிட்டுப் போய்க் கை கழுவி விட்டா. திரும்பி வந்து மேடம்கிட்ட, "நாங்க போலாங்களா?"ன்னு கேட்டா. "போலாம்மா"ன்னாங்க. மித்ரன் கதவுகிட்ட போய் எனக்கு டாட்டா காட்டுனான். அவ காட்டல.

மேடம் என்னைய இருக்கச் சொன்னாங்க. "புள்ளை இனி வர இஷ்டமில்லைன்னு போன வாரமே சொல்லிட்டா சார். இன்னிக்கு ஒரே ஒரு விஷயம் உங்ககிட்ட கேக்கணும்னுதான் வந்தா. கேட்டுட்டா. இனிமே அவளா சொன்னாத்தான் வரச் சொல்ல முடியும். தம்பி அக்கா இல்லாம வர மாட்டான்"ன்னாங்க. தட்டுல இருந்த உருண்டைய எடுத்துக்கிறீங்களான்னாங்க. வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.

சொல்லிக் குடுத்திருக்காங்கன்னுதான் மொதல்ல நினைச்சேனுங்க. பஸ் ஏறுறப்பக் கூட அதான் நினைச்சேன். கோகிலா சொல்லிக் குடுத்திருப்பா, வக்கீல் சொல்லிக் குடுத்திருப்பான். ஆனா பாருங்க, ஊஞ்சலூர் தாண்டுனதுல இருந்து அந்தச் சமையக்கட்டை மனசுக்குள்ள போட்டுப் போட்டுப் பாத்துட்டு வர்றேன். இங்க அடுப்பு. இங்க கோகிலா. இங்க நான், நிலைப்படிக்கு முதுகு காட்டி. குழாய் இந்தப் பக்கம், தொட்டிக்கு மேல. ஆமாங்க, எனக்குப் பின்னாடிதான்.

அது சின்ன சமையக்கட்டுங்ணா. ஒரு ஆளு நின்னா இன்னொரு ஆளு போக முடியாது. பாப்பா குழாய்கிட்ட போனா. சொம்பைத் தூக்கிக்கிட்டு எனக்கும் செவுத்துக்கும் நடுவுல பூந்துதான் போயிருக்கணும். என் வேட்டி மேல உரசியிருக்கணும். திரும்பி வர்றப்பத் தண்ணி தளும்பி என் கால் மேல கொட்டியிருக்கணும்.

அவ சத்தங் கேட்டிருக்கணுமில்லீங்களா? நகருங்கப்பான்னு சொன்னாளாம், ரெண்டு தடவை. கோகிலா கத்துனது நல்லா ஞாபகமிருக்கு. சட்டி விழுந்த சத்தம் ஞாபகமிருக்கு. ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாக்கறேன்.

புள்ளை குரல் மட்டும் கேக்கவே மாட்டேங்குதுங்க.